சிடிஆர்ஐ தளம்: ரத்தப் புற்றுநோய்க்கு டிரையல் தேடுபவருக்கு எவ்வளவு தேறும்?

சிடிஆர்ஐ என்பது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளை, அதாவது டிரையல்களை, பதிந்துவைக்கும் அரசு இணையதளம். முதலில் அதற்கு மதிப்பெண். பதிவேடாக 5க்கு 4, நோயாளிக்கு வழிகாட்டும் சேவையாக 5க்கு 2. இரண்டையும் சேர்த்து 3 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் லுகீமியா, லிம்போமா, மைலோமா என்று ரத்தப் புற்றுநோயில் ஏதாவது ஒரு வகைக்கு இந்தியாவில் கீமோ டிரையல் தேடுகிறவருக்கு இதை விட்டால் முழுமையான வேறு பட்டியல் கிடையாது. அதனால் குறையோடு சேர்த்தே இதைப் பயன்படுத்தப் பழக வேண்டும்.

இந்தத் தளம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் மருத்துவப் புள்ளியியல் நிறுவனம் 2007 ஜூலையில் இதைத் தொடங்கியது. மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியான டிசிஜிஐ 2009 ஜூன் 15 முதல் பதிவைக் கட்டாயமாக்கினார். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். ஆய்வு தோற்றால் அதை மறைத்துவிடக் கூடாது, நடுவில் இலக்கை மாற்றிவிட்டு வெற்றி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். அதாவது இது தணிக்கையாளருக்கும் மருத்துவ இதழ் ஆசிரியருக்கும் கட்டப்பட்ட தளம். நோயாளி வீட்டார் இங்கே விருந்தாளிகள்தான். முழுக்க ஆங்கிலம், எளிய சுருக்கம் எல்லாப் பதிவிலும் இருக்காது, பெரும்பாலான கட்டங்கள் மருத்துவர் மொழியில் நிரப்பப்பட்டவை.

தேடல் பெட்டியில் லுகீமியா என்று தட்டினால் வருவது ஒரு கதம்பம். கீமோ மருந்துகளை ஒப்பிடும் ஆய்வும் வரும். வாய்ப்புண்ணுக்கு எந்தக் கொப்பளிப்பு நல்லது என்ற செவிலியர் ஆய்வும், முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கான கணக்கெடுப்பும், ஆயுர்வேத ஆய்வும் அதோடு சேர்ந்து வரும். மேம்பட்ட தேடலுக்குப் போய் ஆய்வு வகையில் 'இன்டர்வென்ஷனல்' (சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு) என்பதையும் சேர்க்கை நிலையில் 'ஓபன் டு ரெக்ரூட்மென்ட்' என்பதையும் தேர்ந்தெடுத்தால் குப்பை பாதி கழியும். அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டு. லுகீமியாவை அமெரிக்க முறையில் ஒரே 'இ' போட்டு எழுதியவரும் உண்டு, பிரிட்டிஷ் முறையில் 'ஏஇ' போட்டவரும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். மருந்துப் பெயரை வைத்துத் தேடினால் இன்னும் துல்லியம்: சைட்டராபின், டானோரூபிசின், அசாசிடிடின், வெனிடோகிளாக்ஸ், போர்டிசோமிப் என்று ஒவ்வொன்றாக. புதிய பதிவுகளில் நோயின் பெயரோடு, உலகம் முழுக்க நோய்களுக்குப் பயன்படும் ஐசிடி-10 குறியீடும் இருக்கும். வேகமாக முற்றும் லுகீமியா வகைகளில், குழந்தைகளிடம் அதிகம் வரும் ஏஎல்எல் சி91.0, பெரியவர்களிடம் அதிகம் வரும் ஏஎம்எல் சி92.0, அதன் உட்பிரிவான ஏபிஎல் சி92.4. மைலோமா சி90.0. தலைப்பில் நோயைச் சுற்றி வளைத்து எழுதியிருந்தாலும் இந்தக் குறியீடு காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவைத் திறந்ததும் பலர் பொதுத் தலைப்பைப் படித்துவிட்டு நேரே சேர்க்கை நிலைக்குத் தாவுகிறார்கள். அந்த ஒரு கட்டத்தைத்தான் கடைசியாக நம்ப வேண்டும். அதை மாற்றவேண்டியது ஆய்வு நடத்துபவரின் பொறுப்பு, தானாக மாறாது. கடையைச் சாத்திய பிறகும் எரியும் போர்டு லைட் மாதிரி, ஆள் சேர்ப்பு முடிந்த ஆய்வுகளும் 'ஓபன்' என்றே நிற்கும். சரிபார்க்க மூன்று இடங்கள் இருக்கின்றன. மேலே 'லாஸ்ட் மாடிஃபைட் ஆன்' தேதி. கீழே, முதல் நோயாளி சேர்ந்த தேதி. அதற்குப் பக்கத்தில் ஆய்வு எத்தனை ஆண்டு, மாதம், நாள் நடக்கும் என்ற மதிப்பீடு. முதல் நோயாளி சேர்ந்த தேதியோடு அந்தக் காலத்தைக் கூட்டிப் பார்த்து அது கடந்துபோயிருந்தால், பதிவும் ரொம்ப நாளாகத் தொடப்படாமல் இருந்தால், 'ஓபன்' என்பதை மறந்துவிட்டு போன் செய்துதான் கேட்க வேண்டும். பன்னாட்டு ஆய்வுகளில் நிலை இரண்டு வரியாக இருக்கும், உலக அளவில் ஒன்று, இந்தியாவில் ஒன்று. பார்க்க வேண்டியது இந்திய வரி. அதிலும் ஒரு சிக்கல்: பெரிய நிறுவனங்களின் ஆய்வுகளில் மொத்த இடத்துக்கு எல்லா நாடுகளும் போட்டி போட்டு நிரப்பும். இந்திய மையம் அனுமதி வாங்கித் தயாராவதற்குள் மற்ற நாடுகள் நிரப்பிவிடுவது உண்டு.

பதிவு எண்ணும் நிறையச் சொல்லும். சிடிஆர்ஐ/2015/12/006434 என்றால் 2015 டிசம்பரில் பதிவானது, கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். இது நல்ல எடுத்துக்காட்டு என்பதால் இங்கேயே கொஞ்சம் நிற்கலாம். இந்தியக் குழந்தைப் பருவ லுகீமியா கூட்டுக் குழு நடத்தும் ஐசிக்கிள்-ஏஎல்எல்-14 ஆய்வு இது. 1 முதல் 18 வயதுக்குள் புதிதாக ஏஎல்எல் கண்டவர்களுக்கானது. இதில் புது மருந்து எதுவும் இல்லை. எல்லாமே பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மருந்துகள். கேள்விகள் இரண்டு. அதிக ஆபத்தில்லாத சிறு குழந்தைகளுக்கு முதல் கட்டத்தில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 5 வாரத்துக்குப் பதில் 3 வாரம் கொடுத்தால் நச்சு விளைவு குறையுமா? பிந்தைய தீவிரக் கட்டத்தில் டாக்சோரூபிசினுக்குப் பதில் மைட்டோசாண்ட்ரோன் கொடுத்தால் உயிர் பிழைப்பவர்கள் கூடுவார்களா? 'டிரையல்' என்றதும் எலிக்குப் போடும் மருந்தை நம் பிள்ளைக்குப் போடுவார்கள் என்று பயப்படுகிற பெற்றோருக்கு இந்தப் பதிவைக் காட்டலாம். இந்தியாவில் நடக்கும் உருப்படியான கீமோ ஆய்வுகளில் பல இப்படித்தான்: தெரிந்த மருந்து, தெரிந்த அளவு, எது போதும் எது அதிகம் என்ற கேள்வி. ஸ்டீராய்டும் கீமோவும் சேர்ந்து எதிர்ப்பாற்றலை அடித்துப்போடும் முதல் மாதத்தில் தொற்றில் இழக்கும் குழந்தைகள் இங்கே அதிகம் என்பதால் இரண்டு வாரக் குறைப்பு சின்ன விஷயமல்ல.

இதே பதிவில் இன்னொரு கட்டத்தையும் கவனிக்கலாம். டிசிஜிஐ அனுமதி என்ற இடத்தில் கல்வி நிறுவன ஆய்வுகளுக்கு 'நாட் அப்ளிக்கபிள்' என்று இருந்தால் பதற வேண்டாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை விற்பனை நோக்கமில்லாமல் ஆராயும் கல்விசார் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். இந்தியாவில் இன்னும் அனுமதி பெறாத புது மருந்தின் ஆய்வில் அந்தக் கட்டம் காலியாகவோ 'நாட் அப்ளிக்கபிள்' என்றோ இருந்தால் கட்டாயம் கேள்வி கேட்க வேண்டும்.

பட்டியலில் கண்ணில் மண்ணைத் தூவும் வகை ஒன்று உண்டு: 'பிஏ/பிஇ' என்று குறிக்கப்பட்டவை. ஒரு நிறுவனம் தயாரித்த ஜெனரிக் மருந்து, மூல மருந்தைப் போலவே ரத்தத்தில் ஏறி இறங்குகிறதா என்று அளக்கும் ஆய்வு அது. கீமோ மருந்தின் நச்சுத்தன்மை காரணமாக ஆரோக்கியமானவர்களுக்குப் போட முடியாது, அதனால் அந்த மருந்து எப்படியும் தேவைப்படும் நோயாளிகளிடமே செய்கிறார்கள். குற்றம் ஒன்றுமில்லை, மருந்து இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அது புதுச் சிகிச்சை அல்ல, குணமாகும் வாய்ப்பைக் கூட்டுவதும் அதன் நோக்கமல்ல. ஒரே நாளில் பல முறை ரத்தம் எடுப்பார்கள், ஹீமோகுளோபின் 7இல் நிற்கும் ஒருவருக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம்.

தளத்தின் மிகப் பயனுள்ள பகுதி 'சைட்ஸ் ஆஃப் ஸ்டடி' அட்டவணை. எந்த ஊர், எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், போன், மின்னஞ்சல் எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்கத் தளத்தில் இவ்வளவு விவரம் பல நேரம் கிடைக்காது. 'பப்ளிக் க்வெரி' என்று மேலே தரப்படும் ஆள் பெரும்பாலும் மருந்து நிறுவனத்தின் அல்லது ஆய்வு ஒப்பந்த நிறுவனத்தின் அதிகாரி. அவரிடம் நோயாளியின் ரிப்போர்ட்டை அனுப்பி ஒன்றும் ஆகாது. அட்டவணையில் உள்ள மைய மருத்துவரின் துறைக்குப் போன் செய்து, ஆய்வு ஒருங்கிணைப்பாளரைக் கேட்டு, பதிவு எண்ணைச் சொல்லுங்கள். ஆய்வுப் பெயரைச் சொல்வதைவிட எண்ணைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். முகவரி பழையதாக இருக்கலாம். வேலூர் சிஎம்சியின் ரத்தவியல் துறை இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது, பழைய பதிவுகளோ வேலூர் நகர முகவரியையே காட்டும்.

வேலூரைச் சொன்னதும் இன்னொன்று: 2007க்கு முன் நடந்த ஆய்வுகளை இங்கே தேடிப் பயனில்லை. ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடை மட்டும் கொடுத்து சிஎம்சி 1998 முதல் 2004 வரை 72 பேரிடம் செய்த ஆய்வு, உலகம் திரும்பிப் பார்த்த ஒன்று. மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 86 விழுக்காடு. பின்னர் ஐரோப்பாவில் ஆர்சனிக்கோடு ஏடிஆர்ஏ மாத்திரையைச் சேர்த்து, வழக்கமான கீமோவோடு ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. இரண்டாண்டில் நோய் கட்டுக்குள் வந்து, அது திரும்பாமலும் உயிரிழக்காமலும் இருந்தவர்கள் ஆர்சனிக் பக்கம் 97 விழுக்காடு, கீமோ பக்கம் 86. இந்த வரலாறெல்லாம் இதழ்களில்தான் கிடைக்கும்.

2007க்குப் பிந்தைய ஆய்வுகளுக்கும் சிடிஆர்ஐயில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: முடிவுகள். ஆய்வு முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால், 'பப்ளிகேஷன் டீடெய்ல்ஸ்' என்ற ஒரு கட்டம் மட்டும் இருக்கும், பல பதிவுகளில் அதுவும் வெறுமை. இந்த இடத்தில் அமெரிக்காவின் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் பல படி மேலே. 2000இல் தொடங்கிய அந்தத் தளத்தில், சட்டத்துக்கு உட்பட்ட ஆய்வுகள் முதன்மை அளவீடு முடிந்து 12 மாதத்துக்குள் முடிவுகளை அட்டவணையாக ஏற்ற வேண்டும். தாமதமாக ஏற்ற அனுமதி வாங்குபவர்களும் ஏற்றாமலே விடுபவர்களும் அங்கேயும் உண்டு. ஆனால் இருக்கும் இடத்தில் தகவல் அள்ளிக்கொள்ளலாம்.

அந்தத் தளத்தில் என்சிடி02993523 (NCT02993523) என்ற பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். விஐஏஎல்இ-ஏ என்ற ஆய்வு வரும். வயது 75 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் வேறு நோய்களால் கடுமையான கீமோ தாங்காத, புதிதாக ஏஎம்எல் கண்டவர்களுக்கானது. ஒரு பக்கம் அசாசிடிடினும் வெனிடோகிளாக்ஸும், இன்னொரு பக்கம் அசாசிடிடினும் போலி மாத்திரையும், 2:1 விகிதத்தில். கவனியுங்கள், போலி மாத்திரைப் பக்கத்துக்கும் அன்றைய வழக்கமான சிகிச்சையான அசாசிடிடின் கிடைத்தது. புற்றுநோய் ஆய்வில் போலி மாத்திரை என்றால் பெரும்பாலும் இப்படித்தான், வெறும் மாவு மாத்திரை கொடுத்து நோயாளியை விட்டுவிடுவதில்லை. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், வெனிடோகிளாக்ஸ் பக்கம் 14.7 மாதம், மறுபக்கம் 9.6 மாதம். நோய் கட்டுக்குள் வந்தவர்கள் 66.4 விழுக்காடு, மறுபக்கம் 28.3. இதோடு நிறுத்திக்கொண்டால் விளம்பரம் படித்த மாதிரி ஆகிவிடும். கீழே பாதக விளைவு அட்டவணைக்குப் போக வேண்டும். வெள்ளணு வீழ்ந்து காய்ச்சல் வந்தவர்கள் 42 விழுக்காடு, மறுபக்கம் 19. அதாவது வாழ்நாள் கூடியதற்கு ஈடாக, ஐந்தில் இரண்டு பேர் காய்ச்சலோடு அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. வீட்டிலிருந்து மருத்துவமனை ஆறு மணி நேரப் பயணம் என்றால் அந்த 42 என்ற எண்தான் முடிவெடுக்க உதவும்.

ஆக, நடைமுறையில் சரிவரும் வழி இது: மருந்தின் பெயரைக் கண்டுபிடிக்கவும் முடிவுகளைப் படிக்கவும் அமெரிக்கத் தளம், எந்த ஊரில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு சிடிஆர்ஐ. பன்னாட்டு ஆய்வு என்றால் சிடிஆர்ஐ பதிவின் 'செகண்டரி ஐடி' கட்டத்தில் என்சிடி எண் பெரும்பாலும் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய எஸ்எல்சிடிஆர் தனிப் பதிவேடு.

இனி தகுதி. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான கதவுகள் மூடுகின்றன. சேர்க்கைத் தகுதி நீளமாக இருந்தாலும் ஆளை வெளியே தள்ளுவது விலக்குப் பட்டியல். முதல் வரி பெரும்பாலும் முன்சிகிச்சை பற்றியது. விஐஏஎல்இ-ஏ ஆய்வில் அசாசிடிடின் வகை மருந்தை முன்பே எடுத்தவருக்கு இடமில்லை. ஏஎல்எல் ஆய்வுகள் பலவற்றில் சில நாளுக்கு மேல் ஸ்டீராய்டு போட்டிருந்தால் முடிந்தது. காரணம் எளிது: ஸ்டீராய்டே லுகீமியா செல்களைக் கொல்லும், அதற்குப் பின் எடுக்கும் முதல் ரத்த அணுக் கணக்கு பொய்யாகிவிடும். அதனால் டிரையல் பற்றி யோசிக்கிறவர்கள் முதல் கீமோ ஊசிக்கு முன் கேட்க வேண்டும், இரண்டாவது சுற்று முடிந்த பிறகல்ல. இதற்கு ஒரு கறாரான விதிவிலக்கு ஏபிஎல். சந்தேகம் வந்த அன்றே ஏடிஆர்ஏ தொடங்க வேண்டிய நோய் அது, ரத்தப்போக்கில் ஆளைக் கொண்டுபோய்விடும். அங்கே ஆய்வுக்காகக் காத்திருப்பது தற்கொலைக்குச் சமம்.

சேர இருக்க வேண்டிய மற்ற வரம்புகள்: ஈகாக் நிலை, அதாவது நோயாளி எழுந்து நடமாடும் அளவு, பெரும்பாலும் 0 (இயல்பான நடமாட்டம்) முதல் 2. ஈரல் நிலையைக் காட்டும் பிலிருபின், இயல்பு உச்சத்தைப் போல 1.5 மடங்குக்குள். சிறுநீரகம் வேலை செய்யும் அளவான கிரியேட்டினின் கிளியரன்ஸ், ஆய்வுக்கு ஆய்வு வேறு (விஐஏஎல்இ-ஏவில் குறைந்தது நிமிடத்துக்கு 30 மில்லி). எக்கோவில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் விழுக்காடு. முன்பே டாக்சோரூபிசின் வகை மருந்துகள் போட்டிருந்தால் மொத்த அளவைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் எல்லையை நெருங்கினால் ஏற்க மாட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி: மேற்பரப்பு ஆன்டிஜென் நெகட்டிவாக இருந்தாலும் கோர் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றால் பிரச்சினை. நம்மூர் ஆஸ்பத்திரிகளில் இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் விடுவது அதிகம், கடைசி நிமிடத்தில் ஆளைத் திருப்பி அனுப்புவதும் இதனால்தான். பூஞ்சைத் தொற்றுக்கான போசகோனசோல், வோரிகோனசோல் மாத்திரைகளும் கவனிக்க வேண்டியவை. வெனிடோகிளாக்ஸை உடல் கழிக்கும் வேகத்தை இவை குறைப்பதால் நாளுக்கு 400 மில்லிகிராம் என்ற அளவு போசகோனசோலோடு 70க்கு இறங்கும். இதை நோயாளி வீட்டார் தெரிந்துகொண்டு மருந்துச் சீட்டை முழுதாகக் காட்டினால் போதும், மாற்றுவது மருத்துவர் வேலை.

போன் செய்வதற்கு முன் கையில் இருக்க வேண்டிய பைல்: எலும்பு மஜ்ஜை அறிக்கை, ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் அறிக்கை, ஏஎம்எல் என்றால் எஃப்எல்டி3, என்பிஎம்1 மரபணு முடிவு, எக்கோ, இதுவரை போட்ட ஒவ்வொரு மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தேதியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் '2 சைக்கிள் கீமோ முடிந்தது' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் எந்த ஆய்வாளராலும் தகுதி சொல்ல முடியாது. மருந்து அட்டவணைத் தாளையே நகல் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைப் பற்றித் தளம் ஒன்றும் சொல்லாது. யார் நிதி தருகிறார்கள் என்ற கட்டம் உண்டு, நோயாளியின் பையிலிருந்து என்ன போகும் என்ற கட்டம் இல்லை. ஆய்வு மருந்து இலவசம் என்பதைத் தாண்டி ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: பிளேட்லெட் யூனிட், காய்ச்சலுக்கான ஆன்டிபயாட்டிக், படுக்கைக் கட்டணம், 29ஆம் நாள் எடுக்கும் மஜ்ஜைச் சோதனை, மிச்சமிருக்கும் நோய்ச் செல்களைத் தேடும் எம்ஆர்டி சோதனை, பயணப்படி. இவை தமிழில் தரப்படும் தகவல் தாளில் இருக்க வேண்டும். அதன் நகல் நோயாளிக்கு உரியது, கையெழுத்துக்கு முன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம்.

ஆய்வால் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் உண்டு என்கின்றன 2019 விதிகள். ஆய்வின் காரணமாக இறப்பு என்று முடிவானால் கணக்கு இப்படி: அடிப்படைத் தொகை 8 லட்சம், அதை வயதுக் காரணியாலும் ஆபத்துக் காரணியாலும் பெருக்கி 99.37ஆல் வகுக்க வேண்டும். வயதுக் காரணி 16 வயதுக்குள் 228.54, 65க்கு மேல் 99.37. ஆபத்துக் காரணி, ஆறு மாதத்துக்கு மேல் பிழைக்க வாய்ப்பில்லாதவருக்கு 0.5, ஆரோக்கியமானவருக்கு 4. எனவே நோய் முற்றிய 65 வயதைத் தாண்டியவருக்கு 4 லட்சம், ஆபத்துக் காரணி 1 உள்ள சிறுவனுக்கு 18 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நோய் முற்றியவரின் உயிருக்குக் குறைந்த விலை போடுகிற இந்தக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது. கடும் பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி.

தளத்தில் திருத்த வேண்டியவை என்று பார்த்தால், சேர்க்கை நிலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்யாத பதிவுக்குத் தானாக ஓர் எச்சரிக்கைக் குறி விழ வேண்டும். அமெரிக்கத் தளத்தில் நிறைவுத் தேதி கடந்தும் இரண்டாண்டாக உறுதிசெய்யப்படாதவை 'அன்நோன் ஸ்டேட்டஸ்' என்று மாறிவிடுகின்றன. பொதுச் சுருக்கம் மாநில மொழிகளில் வேண்டும். மருத்துவமனைப் பெயர்களை ஒரே மாதிரி எழுத வைக்க வேண்டும்.

போனை யாரும் எடுக்கவில்லை என்றால் மின்னஞ்சலில் பதிவு எண், நோயின் பெயர், வயது, இதுவரை எடுத்த மருந்துகள் என்று நாலு வரி எழுதி, மஜ்ஜை அறிக்கையை இணைத்து அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே பதிவில் உள்ள அடுத்த மையத்துக்கு எழுதலாம், அதில் விதிமீறல் எதுவும் இல்லை. இதற்காக நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை மட்டும் நிறுத்தக் கூடாது. இப்போது பார்க்கும் மருத்துவரிடமும் சொல்லிவிட்டே எழுதுங்கள், மையம் அடுத்து கேட்கப்போவது அவருடைய பரிந்துரைக் கடிதத்தைத்தான்.